டயலாக் பாக்ஸ்ல கீபோர்டு சொன்ன பேச்சு கேக்கலையா? ஜாவாஸ்கிரிப்ட்ல அறிகுறியை வச்சு பிடிக்கிற வழி

ஜாவாஸ்கிரிப்ட்ல டயலாக் பாக்ஸ் போட்டவங்க எல்லாருக்கும் ஒரு கட்டத்துல இது வந்தே தீரும். மவுஸ்ல க்ளிக் பண்ணா எல்லாம் ஒழுங்கா நடக்கும், கீபோர்டுல கை வச்ச உடனே என்டர் ரெண்டு தடவை போகும், எஸ்கேப் எதையோ மூடும், டேப் பின்னாடி இருக்கற பக்கத்துக்குள்ள ஓடும். உடனே கீடவுன் லிஸனருக்குள்ள இன்னும் நாலு இஃப் கண்டிஷன் சேர்க்கத் தோணும், தயவுசெஞ்சு அதைப் பண்ணாதீங்க. டயலாக்ல கீ பிரச்சனைன்னு வர்றதுல பெரும்பங்கு உண்மையில ஃபோகஸ் (அடிக்கிற கீ எந்த எலிமென்ட்டுக்குப் போகுதுங்கறது) பிரச்சனைதான், இல்லன்னா ப்ரௌசர் தானாவே நல்லா செய்யற வேலையை நாம கையால திரும்பச் செய்யறதால வர்ற பிரச்சனை.

பேச வசதியா ஒரு உதாரணம் வச்சுக்குவோம். கடை பில்லிங் பக்கம், வாடிக்கையாளர் பட்டியல் டேபிளா இருக்கு, ஒரு வரிசையில நின்னு என்டர் அடிச்சா திருத்தற டயலாக் திறக்கும், அதுல பேரு (தமிழ்லதான் டைப் பண்ணுவாங்க), ஊரு, போன் நம்பர், கீழ ரத்து, சேமின்னு ரெண்டு பட்டன். பில் போடறவங்க வேகத்துக்கு மவுஸைத் தொடவே மாட்டாங்க, அதனால இங்க கீபோர்டு சொதப்பினா மொத்த வேலையும் நின்னுடும். டயலாக்கை ஹெச்டிஎம்எல்லோட டயலாக் எலிமென்ட்லயே கட்டி, ஷோமோடல் மெத்தட்ல திறக்கறோம்னு வச்சுக்கங்க. குரோம்ல இது 2014-லயே வந்துடுச்சு, ஃபயர்ஃபாக்ஸ் 98, சஃபாரி 15.4 ரெண்டும் 2022 மார்ச்ல சேர்த்தாச்சு, இன்னிக்கு இதைத் தயங்காம எடுத்துக்கலாம்.

எதைத் தொடறதுக்கும் முன்னாடி: கீ எங்க போகுதுன்னு பாருங்க

விண்டோ மேல கீடவுன், கீப்ரெஸ், கீஅப், க்ளிக் நாலுக்கும் ஒரு லிஸனர் போடுங்க, கடைசி ஆர்க்யுமென்ட்ல கேப்சரை ட்ரூன்னு குடுங்க. அப்பதான் உள்ள யாராவது ஸ்டாப்ப்ராப்பகேஷன் போட்டு மறிச்சாலும் உங்க லிஸனருக்கு முதல்ல வந்து சேரும். கன்சோல்ல ஈவென்ட்டோட டைப், கீ, கோட், ரிப்பீட், ஈஸ்கம்போஸிங், டார்கெட் இந்த ஆறையும் ஒரே வரியில பிரின்ட் பண்ணுங்க. குரோம் கன்சோல்ல டாக்குமென்ட் டாட் ஆக்டிவ்எலிமென்டை லைவ் எக்ஸ்ப்ரஷனா பின் பண்ணி வச்சா ஃபோகஸ் தாவறது கண்ணுக்கு நேரா தெரியும். டெவ்டூல்ஸ்ல க்ளிக் பண்ணதும் பக்கத்துல ஃபோகஸ் போய் பிளர் ஈவென்ட் ஓடி குழப்பும், அதுக்கு ரெண்டரிங் டேப்ல பக்கம் ஃபோகஸ்லயே இருக்கற மாதிரி காட்டற ஆப்ஷன் ஒண்ணு இருக்கு, அதை ஆன் பண்ணிக்கங்க. பிரேக்பாயின்ட்டை நம்பாதீங்க, கீ அமுக்கின நிலையில நிறுத்தினா கீஅப் பக்கத்துக்கு வராமலே போயிடும், அப்புறம் இல்லாத பிழையைத் தேடிட்டிருப்பீங்க.

அறிகுறி: டயலாக் திறந்திருக்கு, ஆனா எந்தக் கீக்கும் அசையல

லாக்ல டார்கெட் என்னன்னு பாருங்க. பாடின்னோ, பின்னாடி இருக்கற டேபிள் வரிசைன்னோ வந்தா விஷயம் முடிஞ்சது, ஃபோகஸ் டயலாக்குக்குள்ள வரவே இல்ல. கீ ஈவென்ட் எப்பவும் ஃபோகஸ் இருக்கற எலிமென்ட்ல கிளம்பி மேல நோக்கித்தான் போகும், டயலாக் மேல நீங்க போட்ட லிஸனர் அந்தப் பாதையிலயே இல்லன்னா அதுக்கு எதுவும் கேக்காது. டிவ் வச்சு கட்டின பழைய டயலாக்ல இது சகஜம், டிவ்வுக்கு இயல்பா ஃபோகஸ் வாங்கத் தெரியாது, டேப்இன்டெக்ஸ் மைனஸ் ஒண்ணு குடுத்து, திறந்த உடனே ஃபோகஸ் மெத்தடைக் கூப்பிடணும். டிஸ்ப்ளே நன் (none)ல இருக்கும்போதே ஃபோகஸ் கூப்பிட்டா சத்தமில்லாம தோத்துப்போகும், எர்ரர்கூட வராது, முதல்ல காட்டிட்டு அப்புறம் கூப்பிடுங்க. ஷோமோடல் இதைத் தானாவே பார்த்துக்கும். ஆட்டோஃபோகஸ் போட்ட எலிமென்ட் இருந்தா அதுக்குப் போகும், இல்லன்னா உள்ள ஃபோகஸ் வாங்கக்கூடிய முதல் எலிமென்ட்டுக்குப் போகும்.

திறக்கும்போது சரியா இருந்து நடுவுல செத்துப்போகுதுன்னா, ஃபோகஸ்ல இருந்த பொருளை நீங்களே அழிச்சிருப்பீங்க. சேமி அடிச்சதும் அந்தப் பட்டனை டிசேபிள் பண்றது, இல்ல உள்ளடக்கத்தை மொத்தமா இன்னர்ஹெச்டிஎம்எல்ல மாத்தி எழுதறது, ரெண்டுமே ஃபோகஸைக் காலி பண்ணிடும். டிசேபிள் ஆன பட்டன்ல ஃபோகஸ் நின்னா அடுத்த கீ எங்க போகும்ங்கறது ப்ரௌசருக்கு ப்ரௌசர் மாறும், அதை நம்பி எதுவும் கட்டாதீங்க. சேமிச்சிட்டிருக்கும்போது டிசேபிளுக்குப் பதிலா ஏரியா-டிசேபிள்ட் போட்டு, க்ளிக் ஹேண்ட்லர்லயே ரெண்டாவது தடவையைத் தடுத்துட்டா ஃபோகஸ் அங்கயே நிக்கும்.

ஐஃப்ரேம் இருந்தா வேற கதை. டயலாக்குக்குள்ள மேப்போ வீடியோவோ பேமென்ட் ஃபார்மோ ஐஃப்ரேமா வந்து அதுக்குள்ள க்ளிக் பண்ணிட்டா, அதுக்கப்புறம் அடிக்கிற கீயெல்லாம் அந்த உள் பக்கத்தோட டாக்குமென்ட்லயே முடிஞ்சிடும், வெளிய உங்க விண்டோ லிஸனருக்கு ஒரு எழுத்துகூட வராது. உள்ளயும் உங்க கோடுதான்னா அங்கயும் லிஸனர் போட்டு போஸ்ட்மெசேஜ்ல வெளிய சொல்லுங்க, அடுத்தவங்க பக்கம்னா கண்ணுக்குத் தெரியற மூடு பட்டன் ஒண்ணு கட்டாயம் வச்சிடுங்க.

அறிகுறி: டயலாக் திறந்த வேகத்துலயே தானா மூடிக்குது, இல்ல தானா "சரி" ஆயிடுது

இதைக் கொஞ்சம் நிதானமாப் பார்க்கணும், ஏன்னா பார்க்க மாயம் மாதிரி இருக்கும், லாக்ல பார்த்தா தெள்ளத்தெளிவா இருக்கும். பில் பட்டியல்ல ஒரு வரிசையில நின்னு டிலீட் கீ அடிச்சா டயலாக் வர்றதுல பிரச்சனை இல்ல, ஆனா என்டர் அடிச்சா "இந்த பில்லை ரத்து பண்ணலாமா"ன்னு கேக்கற டயலாக் வரணும்னு வரிசையோட கீடவுன்ல ஷோமோடல் கூப்பிட்டிருக்கீங்கன்னு வைங்க. ஒரே ஒரு என்டருக்கு லாக் இப்படி வரும்: கீடவுன், டார்கெட் டேபிள் வரிசை. அடுத்தது கீப்ரெஸ், டார்கெட் "ஆமா" பட்டன். அடுத்தது க்ளிக், டார்கெட் "ஆமா" பட்டன். கடைசியா கீஅப், டார்கெட் மறுபடி டேபிள் வரிசை. கீடவுன் முடியறதுக்குள்ளயே டயலாக் திறந்து ஃபோகஸ் முதல் பட்டனுக்குத் தாவிடுச்சு, அதே என்டரோட மிச்ச பாதி புது இடத்துல போய் விழுந்து பட்டனை அமுக்கிடுச்சு, டயலாக் மூடினதும் ஃபோகஸ் பழைய இடத்துக்கே திரும்பிடுச்சு. பயனர் கண்ணுக்கு டயலாக் வந்ததே தெரியாது, பில் மட்டும் போயிருக்கும்.

தீர்வு ஒரு வரிதான், ஷோமோடலுக்கு முன்னாடி அதே கீடவுன்ல ப்ரிவென்ட்டிஃபால்ட் (ப்ரௌசரோட வழக்கமான வேலையைத் தடுக்கறது) கூப்பிடுங்க, கீப்ரெஸ் கிளம்பவே கிளம்பாது. செட்டைம்அவுட்ல 100 மில்லிசெகண்ட் தள்ளித் திறக்கறது தீர்வு இல்ல, விரலை லேசா அழுத்திப் பிடிச்சா கீடவுன் திரும்பத் திரும்ப வரும், அதுல ஒண்ணு புது பட்டன்ல விழுந்தே தீரும். அதுக்குத்தான் ரிப்பீட்னு ஒரு ப்ராபர்ட்டி இருக்கு. அழிக்கிற, பணம் அனுப்பற மாதிரி டயலாக்கள்ல ஈவென்ட்டோட ரிப்பீட் ட்ரூவா இருந்தா அந்தக் கீயைத் தடுத்து ஒதுக்கிடுங்க. கூடவே ஆட்டோஃபோகஸை ஆபத்தில்லாத பட்டனுக்குக் குடுங்க, "வேண்டாம்"ல ஃபோகஸ் நின்னா கை தவறி வர்ற என்டர் யாருக்கும் கெடுதல் பண்ணாது.

ஸ்பேஸ் கீக்கு விதி வேற, பட்டன் மேல ஸ்பேஸ் கீஅப்லதான் க்ளிக் ஆகும், என்டர் அமுக்கும்போதே ஆகும். அதனால கீஅப்ல எழுதின ஹேண்ட்லர்கள்ல இதோட தலைகீழ் பிழை வரும், வெளிய அமுக்கின கீயை விடும்போது டயலாக் திறந்திருக்கும், டயலாக்கோட கீஅப் லிஸனர் அதைத் தன்னோட கீன்னு எடுத்துக்கும். டயலாக்குக்குள்ள கீஅப்ல எந்த முடிவும் எடுக்காதீங்க, கீடவுன்லயே முடிச்சுக்கங்க.

அறிகுறி: என்டர் அடிச்சா "சேமி"க்குப் பதிலா "ரத்து" வேலை செய்யுது

ஃபார்முக்குள்ள இருக்கற பட்டனுக்கு டைப் எதுவும் குடுக்கலன்னா அது சப்மிட் பட்டன்தான். டெக்ஸ்ட் பாக்ஸ்ல என்டர் அடிச்சா ப்ரௌசர் ஃபார்ம்ல வரிசைப்படி முதல்ல இருக்கற சப்மிட் பட்டனைத் தேடி அதைத்தான் க்ளிக் பண்ணும். டிசைன்ல ரத்து இடது பக்கம், சேமி வலது பக்கம், ஹெச்டிஎம்எல்லயும் அதே வரிசை, அப்ப என்டருக்கு மாட்டறது ரத்துதான். மேல மூலையில பெருக்கல் குறி போட்ட மூடு பட்டன் இருந்தா அதுதான் முதல் ஆளு. சேமி தவிர மத்த எல்லாத்துக்கும் டைப் பட்டன்னு எழுதிடுங்க, அவ்வளவுதான். இதைத் தெரிஞ்சுக்காம கீடவுன்ல என்டரைப் பிடிச்சு சேமி ஃபங்ஷனைக் கூப்பிடறவங்க நிறைய, அப்ப ஒரு தடவை அவங்க கோடு, ஒரு தடவை ப்ரௌசர்னு ரெண்டு தடவை சேமிக்கும், டெக்ஸ்ட்ஏரியால புது வரி போட முடியாது, ரத்து பட்டன்ல நின்னு என்டர் அடிச்சாலும் சேமிச்சிடும். கீயை விட்டுட்டு ஃபார்மோட சப்மிட் ஈவென்ட்டைக் கேளுங்க, என்டர், க்ளிக், போன் கீபோர்டோட "கோ" பட்டன் எல்லாம் அங்கதான் வந்து சேரும்.

என்டருக்கு ஒண்ணுமே நடக்கலன்னா ஃபார்ம்ல சப்மிட் பட்டனே இருக்காது. ஒரே ஒரு டெக்ஸ்ட் பாக்ஸ் இருந்தா பட்டன் இல்லாமலே சப்மிட் ஆகும், ரெண்டு வந்துட்டா ஆகாது. நேத்து வரைக்கும் ஓடிச்சு, இன்னிக்கு ஊருன்னு ஒரு பாக்ஸ் சேர்த்ததும் நின்னுடுச்சுன்னா இதான் காரணம்.

அறிகுறி: தமிழ்ல டைப் பண்றவங்களுக்கு மட்டும் தப்பா நடக்குது

இதைத் தனியா சொல்லியே ஆகணும். நம்ம ஊர்ல நமக்காக எழுதற பக்கங்கள்லயே சோதனை எல்லாம் ஆங்கில கீபோர்டுலதான் நடக்குது, அப்புறம் தமிழ்ல அடிக்கிறவங்கதான் "பாதி பேர்லயே சேவ் ஆயிடுது"ன்னு சொல்லிட்டு நிக்கறாங்க, அவங்க சொல்றது நூத்துக்கு நூறு உண்மை.

ஒலிபெயர்ப்பு முறையில அடிக்கும்போது எழுத்துக்கள் முதல்ல தற்காலிகமா நிக்கும், கீழ சொற்பட்டியல் வரும், அதுல ஒண்ணை ஸ்பேஸோ என்டரோ அடிச்சு உறுதி பண்ணுவாங்க. "முருகேசன்"னு பட்டியல்ல தேர்வு பண்ண அடிக்கிற அந்த என்டரும் ஒரு கீடவுனாத்தான் உங்க லிஸனருக்கு வரும், நீங்க அதை "சேமி"ன்னு எடுத்துக்கிட்டா பாதிப் பேரோட டயலாக் மூடிடும். அதே மாதிரி பட்டியலை மட்டும் மூட அடிக்கிற எஸ்கேப் டயலாக்கையே மூடிடும். ஹேண்ட்லரோட முதல் வரியிலயே ஈவென்ட்டோட ஈஸ்கம்போஸிங் (எழுத்து இன்னும் உறுதியாகலன்னு சொல்றது) ட்ரூவா இருந்தா ரிட்டர்ன் ஆயிடணும். சஃபாரில மட்டும் இது போதாது, அங்க கம்போஸிஷன்எண்ட் முதல்ல வந்துட்டு கீடவுன் பின்னாடி வர்றதால ஈஸ்கம்போஸிங் ஃபால்ஸ்னு காட்டும், ஆனா கீகோட் 229-ன்னு இருக்கும், அதனால ரெண்டையும் சேர்த்துப் பாருங்க. கீகோட் பழசு, கைவிடப்பட்டதுன்னு எடிட்டர் கோடு போட்டு அடிக்கும், இந்த ஒரு இடத்துல அதைக் கண்டுக்காதீங்க. ப்ரௌசரோட சொந்த ஃபார்ம் சப்மிட்டுக்கு இந்தப் பிரச்சனையே கிடையாது, தேர்வு பண்ற என்டருக்கு அது சப்மிட் பண்ணாது. மேல சொன்னதை இன்னொரு தடவை சொல்றதுக்கு இதைவிட நல்ல காரணம் வேணாம்.

அடுத்தது ஷார்ட்கட். "ஆமான்னா ஒய், இல்லன்னா என்"னு ஒரு டயலாக், கோடுல ஈவென்ட்டோட கீ ஒய்யான்னு பார்க்கறீங்க. தமிழ்99 கீபோர்டு முறை ஆன்ல இருக்கும்போது அந்த ஒய் இருக்கற கீ "ள"வைக் குடுக்கும், என் கீ "ல"வைக் குடுக்கும், உங்க கண்டிஷன் ரெண்டுலயும் மாட்டாது, டயலாக் மரம் மாதிரி நிக்கும். கீங்கறது அந்த நேரத்துல என்ன எழுத்து விழுந்ததுன்னு சொல்றது, கோட்ங்கறது கீபோர்டுல எந்த இடம் அமுங்கினதுன்னு சொல்றது, அதுல கீஒய், கீஎன்னுதான் வரும், மொழி மாறினாலும் மாறாது. அப்ப எல்லாத்தையும் கோடுக்கு மாத்திடலாமேன்னா அதுவும் தப்பு, பிரெஞ்சு கீபோர்டுல ஏவும் க்யூவும் இடம் மாறி இருக்கும், இடத்தை வச்சு பார்த்தா அவங்களுக்கு வேற எழுத்து மாட்டும். முதல்ல கீயைப் பாருங்க, அது ஆங்கில எழுத்தா இல்லன்னா மட்டும் கோடைப் பாருங்க, கேப்ஸ் லாக்ல "ஒய்" பெரிய எழுத்தா வரும்ங்கறதால சின்ன எழுத்தாக்கி ஒப்பிடுங்க. என்டர், எஸ்கேப், அம்புக்குறி கீகளுக்கு எப்பவும் கீயே போதும்.

இன்னும் நல்லது, ஒத்தை எழுத்து ஷார்ட்கட்டே வைக்காம இருக்கறது. குரல்ல டைப் பண்றவங்க பேசற ஒவ்வொரு எழுத்தும் ஷார்ட்கட்டா போய் விழும், வெப் அணுகல் விதிகள்ல (WCAG) 2.1.4 இதுக்காகவே இருக்கு, ஒத்தை எழுத்து ஷார்ட்கட் வச்சா அணைக்கவோ மாத்தவோ வழி குடு, இல்லன்னா அந்தப் பகுதியில ஃபோகஸ் இருக்கும்போது மட்டும் வேலை செய்யட்டும்னு சொல்லுது.

அறிகுறி: கம்ப்யூட்டர்ல சரி, போன்ல போன் நம்பர் பாக்ஸ்ல எழுத்து விழுது

கீடவுன்ல எண் இல்லாததையெல்லாம் ப்ரிவென்ட்டிஃபால்ட் பண்ணியிருப்பீங்க. ஆண்ட்ராய்டு குரோம்ல திரைக் கீபோர்டு பெரும்பாலும் கீகோட் 229, கீ "அன்ஐடென்டிஃபைட்"னுதான் அனுப்பும், எந்த எழுத்துன்னு கீடவுன்ல தெரியவே தெரியாது. கம்ப்யூட்டர்லயும் இந்த முறை டேப், பேக்ஸ்பேஸ், பேஸ்ட் எல்லாத்தையும் சேர்த்துக் கொன்னுடும், அது வேற. இன்புட்மோட் நியூமெரிக்னு குடுத்து எண் கீபோர்டை வர வைங்க, விழுந்ததை இன்புட் ஈவென்ட்ல பார்த்துச் சரி பண்ணுங்க. பிஃபோர்இன்புட்ல தடுக்கலாமேன்னு தோணும், ஆனா கம்போஸிஷன்ல வர்ற எழுத்தை அங்க தடுக்க முடியாது.

அறிகுறி: எஸ்கேப் தேவையில்லாததை மூடுது, இல்ல டைப் பண்ணதெல்லாம் போயிடுது

டயலாக்கோட எஸ்கேப் கீ வேற, மூடற கோரிக்கை வேற. ஷோமோடல்ல திறந்த டயலாக்ல எஸ்கேப் அடிச்சா முதல்ல கீடவுன் போகும், யாரும் தடுக்கலன்னா டயலாக்குக்கு கேன்சல் ஈவென்ட் வரும், அதையும் தடுக்கலன்னா மூடி க்ளோஸ் ஈவென்ட் வரும். புது குரோம்ல ஆண்ட்ராய்டு பேக் பட்டனும் நேரா கேன்சலுக்குத்தான் வரும், கீடவுன்னு ஒண்ணு வராது. அதனால "சேமிக்காம மூடலாமா"ன்னு கேக்கற வேலையை எஸ்கேப்போட கீடவுன்ல வச்சா போன்ல பேக் அடிக்கிறவங்களுக்கு அந்தக் கேள்வியே வராது, கேன்சல்ல வைங்க. நீங்களே க்ளோஸ் மெத்தடைக் கூப்பிட்டா கேன்சல் வராது, க்ளோஸ் மட்டும்தான் வரும், அதனால துடைச்சு வைக்கிற வேலையெல்லாம் க்ளோஸ்லதான் இருக்கணும்.

கேன்சல்ல ப்ரிவென்ட்டிஃபால்ட் போட்டும் ரெண்டாவது எஸ்கேப்ல குரோம் மூடிடுதுன்னு சொல்றவங்க இருக்காங்க, அது பிழை இல்ல. நடுவுல பயனர் எதுவும் தொடாம மறுபடி மூடச் சொன்னா, ஒரு பக்கம் ஆளைச் சிறை வைக்கக் கூடாதுன்னு ப்ரௌசர் வேணும்னே மூடுது, நான் அதை முழு மனசா ஏத்துக்கறேன். அதை எதிர்த்து மல்லுக்கட்டாம, டைப் பண்ணதை இன்புட் ஈவென்ட்லயே வரைவா செஷன்ஸ்டோரேஜ்ல வச்சுட்டு வாங்க, மூடினாலும் திறந்தா திரும்ப இருக்கும். எஸ்கேப்பே வேலை செய்யக் கூடாதுன்னு நிஜமாவே தேவைப்பட்டா குரோம் 134-ல க்ளோஸ்ட்பைன்னு ஒரு ஆட்ரிப்யூட் வந்திருக்கு, அதுக்கு நன் (none)னு குடுக்கலாம், ஆனா எல்லா ப்ரௌசர்லயும் இருக்குன்னு நம்பி எழுதாதீங்க, வெளிய வர வேற பட்டனும் இல்லாம வைக்காதீங்க.

டயலாக்குக்குள்ள ஊர் தேர்வு பண்ற பட்டியல் நீங்களே கட்டினது, எஸ்கேப் அடிச்சா பட்டியல் மட்டும் மூடணும், டயலாக்கும் சேர்ந்து மூடுது. இங்க ஸ்டாப்ப்ராப்பகேஷன் போட்டுப் பார்த்து வேலைக்கு ஆகலன்னு குழம்புவாங்க. ஸ்டாப்ப்ராப்பகேஷன் மேல இருக்கற மத்த லிஸனர்களைத்தான் நிறுத்தும், ப்ரௌசரோட சொந்த வேலையை நிறுத்தாது. பட்டியல் திறந்திருந்தா மட்டும் அதோட கீடவுன்ல ப்ரிவென்ட்டிஃபால்ட் போட்டுட்டுப் பட்டியலை மூடுங்க, அடுத்த எஸ்கேப் டயலாக்குக்குப் போகும். டயலாக் மேல டயலாக் திறந்து ரெண்டும் ஒரே எஸ்கேப்ல போனா, எங்கயோ டாக்குமென்ட் மேல எஸ்கேப் லிஸனர் போட்டு ஆளாளுக்கு மூடிட்டிருக்கீங்க, அதை எடுத்துடுங்க, ப்ரௌசர் மேல இருக்கறதை மட்டும்தான் மூடும்.

கேன்சல்ல ஒளிஞ்சிருக்கற இன்னொண்ணு: டயலாக்குக்குள்ள ஃபைல் தேர்வு பண்ற இன்புட் இருந்து, பயனர் ஃபைல் விண்டோவை வேண்டாம்னு மூடினா அந்த இன்புட்டும் கேன்சல்னு ஒரு ஈவென்ட் விடும், அது மேல வரைக்கும் ஏறி வரும். டயலாக்ல இருக்கற உங்க கேன்சல் ஹேண்ட்லர் ஓடி, யாரும் கேக்காமலே "சேமிக்காம மூடலாமா"ன்னு நிக்கும். ஈவென்ட்டோட டார்கெட்டும் டயலாக்கும் ஒண்ணுதானான்னு முதல்ல பார்த்துட்டு மேல போங்க.

அறிகுறி: எஸ்கேப் அடிச்சும் "சேமி" அடிச்ச மாதிரியே நடக்குது

மெத்தட் டயலாக்னு ஃபார்ம் போட்டு, க்ளோஸ் ஈவென்ட்ல ரிட்டர்ன்வேல்யூவை (எந்தப் பட்டனால மூடுச்சுன்னு சொல்ற மதிப்பு) பார்த்து முடிவெடுக்கறவங்க கவனிங்க. முதல் தடவை "ஆமா" அடிச்சாங்க, ரிட்டர்ன்வேல்யூ ஆமான்னு ஆச்சு. அடுத்த தடவை அதே டயலாக்கைத் திறந்து எஸ்கேப்ல மூடினா ரிட்டர்ன்வேல்யூ மாறாது, பழைய ஆமா அப்படியே கிடக்கும், உங்க கோடு அடுத்த பில்லையும் அழிச்சிடும். ஒவ்வொரு தடவையும் ஷோமோடலுக்கு முன்னாடி ரிட்டர்ன்வேல்யூவை வெறும் ஸ்ட்ரிங்கா ஆக்கிடுங்க. சோதிக்கும்போது பக்கத்தை ரீஃப்ரெஷ் பண்ணிட்டே இருக்கறதால இது கண்ல படாது, கடையில ஒரே பக்கம் காலையில இருந்து திறந்தே கிடக்கும்போதுதான் வெளிய வரும், அதனாலதான் இதைப் பார்த்தா எனக்குப் பயம்.

அறிகுறி: ரெண்டாவது தடவை திறந்தா ரெண்டு தடவை, மூணாவதுல மூணு தடவை

திறக்கற ஃபங்ஷனுக்குள்ள ஆட்ஈவென்ட்லிஸனர் இருக்கு, மூடும்போது எடுக்கல. எடுத்தும் போகலன்னா ரிமூவ்ல குடுத்தது வேற ஃபங்ஷன், அங்கயே எழுதின ஆரோ ஃபங்ஷனும், பைண்ட் பண்ணதும் ஒவ்வொரு தடவையும் புதுசு. லிஸனரைப் பக்கம் ஏறும்போது ஒரே தடவை போடுங்க, முடியாதுன்னா அபார்ட்கன்ட்ரோலரோட சிக்னலைக் குடுத்துப் போட்டு க்ளோஸ்ல அபார்ட் கூப்பிடுங்க, எத்தனை லிஸனர் இருந்தாலும் ஒண்ணா போயிடும்.

அறிகுறி: டேப் அடிச்சா பின்னாடி பக்கத்துக்கு ஓடுது

ஷோவுக்கும் ஷோமோடலுக்கும் குழம்பியிருப்பீங்க, இல்ல ஓப்பன் ஆட்ரிப்யூட்டைக் கையால போட்டிருப்பீங்க. ஷோமோடல் மட்டும்தான் பின்னாடி இருக்கறதை முடக்கும். டிவ்லதான் கட்டியாகணும்னா மெயின் பகுதிக்கு இனர்ட் ஆட்ரிப்யூட் போடுங்க, ஃபயர்ஃபாக்ஸ் 112 வந்த 2023-ல இருந்து முக்கிய ப்ரௌசர் எல்லாத்துலயும் இருக்கு. டேப் கீடவுனைப் பிடிச்சு முதல், கடைசி எலிமென்ட்டைக் கணக்கு போட்டுத் தாவ வைக்கிற பழைய கோடெல்லாம் வேண்டாம், நடுவுல ஒரு பாக்ஸ் மறைஞ்சாலே கணக்கு தப்பிடும். ஷோமோடல்ல டேப் அடிச்சிட்டே போனா ப்ரௌசரோட அட்ரஸ் பார் வரைக்கும் போயிட்டு வரும், அதைப் பிழைன்னு அடைக்கப் பார்க்காதீங்க.

மூடினதும் ஃபோகஸ் பழைய வரிசைக்குத் தானா திரும்பும், அந்த வரிசையையே நீங்க அழிச்சிருந்தா போக இடமில்லாம பாடில போய் நிக்கும், பில் போடறவங்க மறுபடி முதல்ல இருந்து டேப் அடிச்சு வரணும். க்ளோஸ்ல அடுத்த வரிசைக்கு ஃபோகஸ் குடுத்துடுங்க, சின்ன வேலைதான், நாள் முழுக்க உக்காந்து அடிக்கிறவங்களுக்கு அது பெரிய உதவி.

அறிகுறி: சின்னச் சின்னது

பேரு பாக்ஸ்ல ஆட்டோஃபில்லைத் தேர்வு பண்ணதும் கன்சோல்ல டுலோயர்கேஸ் எர்ரர் வந்தா, குரோம் ஆட்டோஃபில் அனுப்பற கீடவுன்ல கீங்கறதே இருக்காது, இருக்கான்னு பார்த்துட்டு மேல போங்க. அலர்ட், கன்ஃபர்ம் வந்துட்டுப் போனதுக்கப்புறம் கன்ட்ரோல் அமுங்கியே இருக்கற மாதிரி நடந்தா, அது திறந்திருக்கும்போது விட்ட கீயோட கீஅப் உங்களுக்கு வரவே இல்ல, கன்ட்ரோலுக்குத் தனி வேரியபிள் வச்சுக்காம ஒவ்வொரு ஈவென்ட்லயும் கன்ட்ரோல்கீ (ctrlKey) ப்ராபர்ட்டியைப் பாருங்க. குரோம்ல கன்ட்ரோல் டபிள்யூ, கன்ட்ரோல் டி (T), கன்ட்ரோல் என் மூணும் சாதாரண டேப்ல உங்க கைக்கு வராது, வேற கீ தேர்வு பண்ணுங்க.

பார்வை இல்லாதவங்க என்விடிஏங்கற (NVDA) திரை வாசிப்பான்ல பார்க்கும்போது ஷார்ட்கட் எதுவும் வேலை செய்யலன்னு சொன்னா, பிரௌஸ் மோட்ல ஒத்தை எழுத்துக் கீயை என்விடிஏவே எடுத்துக்குது, ஹெச் அடிச்சா அடுத்த தலைப்புக்குப் போகும், உங்க கீடவுனுக்கு வராது. அப்ளிகேஷன்னு ரோல் போட்டு அவங்க கீயைப் பிடுங்காதீங்க, ஷார்ட்கட் செய்யற ஒவ்வொரு வேலைக்கும் பட்டன் ஒண்ணு இருந்தா டேப்ல வந்து என்டர்ல முடிச்சுக்குவாங்க. மாத்தின பிறகு சோதிக்கும்போது மவுஸைக் கழட்டி வச்சுட்டு, தமிழ்99 ஒரு தடவை, ஒலிபெயர்ப்பு ஒரு தடவை, ஆண்ட்ராய்டு போன்ல ஒரு தடவைன்னு அதே டயலாக்கைத் திறந்து, பேர் அடிச்சு, என்டர்ல சேமிச்சு, மறுபடி திறந்து எஸ்கேப்ல மூடிப் பாருங்க.